சர்வதேச உறவுகள் படிக்க விரும்பும் பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகம்?

பிரித்தானியாவில் வாழும் எமது குடும்பங்களில் ஏ லெவல் படிக்கும் பிள்ளை "நான் சர்வதேச உறவுகள் படிக்கப் போறன்" என்று சொன்னால், வீட்டில் உடனே இரண்டு கேள்விகள் எழும். "படிச்சுப் போட்டு என்ன வேலை?" என்பது ஒன்று. "எந்த யூனிவர்சிற்றிக்குப் பெரிய பெயர்?" என்பது மற்றது. முதல் கேள்வி நியாயமானது, அதற்குப் பின்னர் வருவோம். இரண்டாவது கேள்விதான் எம்மைத் தவறான வழியில் கொண்டுபோகிறது.

மருத்துவத்தை எங்கே படித்தாலும் இதயம் ஒரே இடத்தில்தான் இருக்கும். கணக்கியலின் இரட்டைப் பதிவு முறை எந்த ஊரிலும் ஒன்றுதான். அந்தப் படிப்புகளில் பாடம் ஒன்று, பெயர்தான் வேறு. சர்வதேச உறவுகளில் பெயர் ஒன்றாக இருக்கும், பாடம் வேறாக இருக்கும். ஒரே பட்டப் பெயரின் கீழ் ஒரு பல்கலைக்கழகம் போரைப் படிப்பிக்கும், இன்னொன்று சட்டத்தை, வேறொன்று காலனித்துவ வரலாற்றைப் படிப்பிக்கும். அதனால், பிள்ளையின் மனதில் இருக்கும் கேள்வி எது, அதே கேள்வியைக் கேட்கும் துறை எங்கே இருக்கிறது என்று தேடுவதே சரியான வழி என்பது எமது கருத்து.

ஒரு வாக்கெடுப்பு, பல கேள்விகள்

இதைத் தெளிவாக விளங்கிக்கொள்ள எமக்கெல்லாம் தெரிந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து சில நாட்களே ஆன நிலையில், 2009 மே 27 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் சிறப்பு அமர்வில் இலங்கை தொடர்பான தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. அது இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம். ஆதரவாக 29 நாடுகளும் எதிராக 12 நாடுகளும் வாக்களித்தன, 6 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. பிரித்தானியா, கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிற்சர்லாந்து ஆகியவை எதிராக வாக்களித்தன. இந்தியா, சீனா, ரஷ்யா, பாகிஸ்தான், கியூபா, தென்னாபிரிக்கா ஆகியவை ஆதரவாக வாக்களித்தன.

எமது பிள்ளைகளில் பலர் இந்தப் படிப்பை விரும்புவதற்கு அடியில் இருப்பது இந்தக் கேள்விதான்: "உலகம் ஏன் பார்த்துக்கொண்டிருந்தது?" வீட்டில் கேட்டு வளர்ந்த கேள்வி அது. ஆனால் ஒவ்வொரு துறையும் இதே வாக்கெடுப்பை வெவ்வேறு கோணத்தில் பார்க்கக் கற்றுத்தரும்.

லண்டன் ஸ்கூல் ஒஃப் எக்கனொமிக்ஸ், அதாவது எல்.எஸ்.ஈ., 1927இல் சர்வதேச உறவுகளுக்கென்று தனித்துறை தொடங்கிய இடம். அங்கு கோட்பாட்டுக்கு முக்கிய இடம் உண்டு. அரசுகளின் இறைமை என்றால் என்ன, ஒரு அரசு தன் மக்களுக்கு எதிராகத் திரும்பும்போது மற்ற அரசுகள் தலையிடலாமா, அரசுகள் கொள்கைக்காக வாக்களிக்கின்றனவா நலனுக்காகவா என்ற வழியில் மாணவர் சிந்திக்கப் பழகுவார். வாசிப்பு அதிகம், எழுத்தும் அதிகம்.

கிங்ஸ் கொலேஜில் சர்வதேச உறவுகள் பட்டம் போர்க் கற்கைகள் துறையின் கீழ் வருகிறது. அந்தத் துறையை 1962இல் வரலாற்றாசிரியர் மைக்கேல் ஹவார்ட் நிறுவினார். போர் எப்படி நடத்தப்படுகிறது, ஆயுதமும் புலனாய்வும் எங்கிருந்து வருகின்றன, பொதுமக்கள் நிறைந்த இடத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த பின் அங்கு என்ன நடக்கிறது என்பவை அங்கு எழக்கூடிய கேள்விகள். இது சில பிள்ளைகளுக்கு மனதளவில் பாரமான படிப்பாக இருக்கலாம். போரை நேரில் கண்ட குடும்பம் என்றால் இதைப் பிள்ளையுடன் முதலிலேயே கதைப்பது நல்லது.

சோவாஸ் 1916இல் நிறுவப்பட்டது. ஆசிய, ஆபிரிக்க நாடுகளுக்குப் போகும் பிரித்தானிய அதிகாரிகளுக்கு அந்நாட்டு மொழிகளைக் கற்பிப்பது அதன் தொடக்க நோக்கங்களில் ஒன்று. இன்று அதே இடம் காலனித்துவத்தைக் கடுமையாக விமர்சிக்கும் இடமாக மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் தாமே அடிமைப்பட்டிருந்த ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகள் ஏன் அந்த 29இல் நின்றன? வெளியார் தலையீடு என்றாலே அந்த நாடுகள் ஏன் அஞ்சுகின்றன? எமக்குக் கசப்பான கேள்வி இது. ஆனால் இதற்குப் பதில் தெரியாதவர் ஜெனீவாவில் யாரையும் தம் பக்கம் திருப்ப முடியாது.

பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1973இல் குவேக்கர் கிறிஸ்தவர்களின் ஆதரவுடன் சமாதானக் கற்கைகள் தொடங்கின. முதல் பேராசிரியர் அடம் கேர்ல். அங்கிருந்து பார்க்கும் மாணவர் 2009இலிருந்து பின்னோக்கிப் போவார். நோர்வேயின் அனுசரணையுடன் 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கை ஏன் 2008 ஜனவரியில் முடிவுக்கு வந்தது, நடுவர் என்பவருக்கு என்ன வலிமை இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்பார்.

எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் மனித உரிமைகள் மையம் 1980களிலிருந்து இயங்குகிறது. அந்த வழியில் போகும் பிள்ளை சட்டத்தையும் சான்றுகளையும் நோக்கிப் போவார். 2011இல் வெளியான ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை, சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்க வழிசெய்த 2021 மார்ச்சின் 46/1 தீர்மானம் போன்றவற்றைச் சட்டக் கண்ணுடன் வாசிக்கப் பழகுவார்.

சசெக்ஸ் வளாகத்தில் 1966இல் தொடங்கிய அபிவிருத்திக் கற்கைகள் நிறுவனம் இருக்கிறது. உதவி, வறுமை, மீள்கட்டுமானம் பற்றி யோசிக்கும் பிள்ளைக்கு அது பொருந்தும். ஸ்கொட்லாந்தில் சென்ற் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பயங்கரவாதம், அரசியல் வன்முறை பற்றிய ஆய்வு மையம் 1994இலிருந்து இருக்கிறது. ஒரு போராட்டத்துக்கு யார், எப்போது, எதற்காக அந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள் என்பது எமக்கு ஏட்டுக் கேள்வி அல்ல.

இந்தத் துறை பிறந்த இடத்தையும் சொல்ல வேண்டும். வேல்ஸ் கடலோரத்துச் சிறு நகரமான அபரிஸ்ட்வித்தில் 1919இல் உலகின் முதலாவது சர்வதேச அரசியல் துறை தொடங்கியது. முதல் உலகப் போரில் மாண்ட மாணவர்களின் நினைவாக டேவிட் டேவிஸும் அவரது சகோதரிகளும் கொடுத்த நன்கொடையில் உருவானது அது. இறந்த பிள்ளைகளின் நினைவிலிருந்து, இனியொரு முறை இது நடக்கக்கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த படிப்பு இது. எமது பிள்ளைகள் இதைத் தேடிப் போவதில் வியப்பில்லை.

ஒக்ஸ்போர்ட்டில் இளமாணி நிலையில் சர்வதேச உறவுகள் என்ற தனிப் பட்டம் கிடையாது. மெய்யியல், அரசியல், பொருளியல் மூன்றும் சேர்ந்த பட்டம் போன்றவற்றுக்குள்ளேதான் அது வரும். கேம்பிரிட்ஜிலும் மனித, சமூக, அரசியல் விஞ்ஞானங்கள் என்ற பரந்த பட்டத்துக்குள் ஒரு பகுதியாகவே வரும். அந்தப் பெயர்கள்தான் வேண்டுமென்றால் அதற்கேற்ற படிப்பைப் பிள்ளை விரும்புகிறதா என்று கேட்க வேண்டும்.

தரப்பட்டியலை எப்படிப் பார்ப்பது?

உலகத் தரப்பட்டியல்கள் பெரும்பாலும் ஆய்வையும், கல்வியாளர்கள் மத்தியில் உள்ள பெயரையும் அளக்கின்றன. முதலாம் வருடப் பிள்ளைக்கு யார் படிப்பிக்கிறார்கள், கட்டுரையைத் திருத்தி எத்தனை கிழமையில் திருப்பித் தருகிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை. அதைவிடப் பயனுள்ளவை மூன்று.

ஒன்று, பாடப் பட்டியல். பல்கலைக்கழகத்தின் தளத்தில் அந்தக் கற்கைநெறியைத் திறந்து, கட்டாயப் பாடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். விருப்பப் பாடங்கள் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் அவை ஒவ்வொரு வருடமும் நடப்பதில்லை. கட்டாயப் பாடங்கள்தான் அந்தப் பட்டத்தின் எலும்புக்கூடு. புள்ளிவிபரம் உண்டா, மொழி படிக்கலாமா, இறுதி வருடத்தில் ஆய்வுக் கட்டுரை உண்டா என்று பாருங்கள். ஐந்து பல்கலைக்கழகங்களின் தாள்களை மேசையில் பரப்பி வைத்தால், எது தனக்குரியது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

இரண்டு, டிஸ்கவர் யூனி என்ற உத்தியோகபூர்வத் தளம். இறுதி வருட மாணவர்கள் சொன்ன கருத்து, படித்து முடித்தவர்களின் வேலை, சம்பளம் பற்றிய தரவுகள் கற்கைநெறி வாரியாக அங்கு இருக்கின்றன.

மூன்று, திறந்த நாள். அங்கு கட்டடத்தைப் பார்த்துவிட்டு வராமல் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கருத்தரங்கு வகுப்பில் எத்தனை மாணவர்கள்? வேலை அனுபவ வருடம் அல்லது வெளிநாட்டு வருடம் உண்டா, அதற்கு இடம் உறுதியா போட்டியா? இந்தத் துறையில் அண்மையில் விரிவுரையாளர்கள் குறைக்கப்பட்டார்களா? பல பல்கலைக்கழகங்கள் இப்போது நிதி நெருக்கடியில் துறைகளை ஒன்றாக்கியும் கற்கைநெறிகளை நிறுத்தியும் வருகின்றன. ஆகவே கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்கலாம்.

காசுக் கணக்கு

கடன் என்ற சொல் எம்மவருக்கு ஒரு பயத்தைத் தரும். ஊரில் கடன் என்றால் காணியை ஈடு வைப்பது, நகையை அடைவு வைப்பது, வட்டி குட்டி போடுவது. அதனால் சில பெற்றோர் சீட்டெடுத்தாவது கட்டணத்தைக் காசாகக் கட்ட முயல்கிறார்கள். வேறு சிலர் "கிட்ட இருக்கிற யூனிவர்சிற்றிக்குப் போ" என்று பிள்ளையின் தெரிவைச் சுருக்கிவிடுகிறார்கள். இரண்டையும் செய்வதற்கு முன் கணக்கைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டுக்கான உச்சக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்ஸ். எல்.எஸ்.ஈ.யும் அதே கட்டணம்தான், பிராட்ஃபோர்ட்டும் அதே கட்டணம்தான். எனவே மலிவானது, விலை கூடியது என்ற பிரிவு உள்நாட்டு மாணவருக்குக் கட்டணத்தில் இல்லை. மூன்று வருடத்துக்கு அதே வீதத்தில் 28,605 பவுண்ஸ். இங்கிலாந்துப் பிள்ளை சென்ற் அன்ட்ரூஸுக்குப் போனால் அங்கு பட்டம் நான்கு வருடம், ஆகவே 38,140 பவுண்ஸ். ஸ்கொட்லாந்திலேயே வாழும் எமது குடும்பங்களின் பிள்ளைகள் அங்கு படித்தால், தகுதி உள்ளவர்களின் கட்டணத்தை ஸ்கொட்லாந்து அரசே கட்டும்.

வித்தியாசம் வாழ்க்கைச் செலவில்தான் வருகிறது. 2025-26இல் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் உச்ச வாழ்க்கைச் செலவுக் கடன், வீட்டிலிருந்து படித்தால் 8,877 பவுண்ஸ், லண்டனுக்கு வெளியே தங்கிப் படித்தால் 10,544 பவுண்ஸ், லண்டனில் தங்கிப் படித்தால் 13,762 பவுண்ஸ். ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ வீடு உள்ள குடும்பத்தின் பிள்ளை லண்டன் பல்கலைக்கழகத்துக்கு ரயிலில் போய்வந்தால், தங்கிப் படிப்பதைவிட மூன்று வருடத்தில் சுமார் 14,655 பவுண்ஸ் கடன் குறையும்.

திருப்பிக் கட்டுவது எப்படி? 2023 ஓகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கிய இங்கிலாந்து மாணவருக்கு, வருடச் சம்பளத்தில் 25,000 பவுண்ஸுக்கு மேலுள்ள தொகையில் 9 வீதம் சம்பளத்திலேயே கழிக்கப்படும். சம்பளம் 24,000 என்றால் ஒன்றும் இல்லை. 31,000 என்றால் மேலுள்ள 6,000இன் 9 வீதம், வருடத்துக்கு 540, மாதத்துக்கு 45 பவுண்ஸ். 45,000 என்றால் மாதத்துக்கு 150 பவுண்ஸ். மொத்தக் கடன் 50,000ஆக இருந்தாலும் 70,000ஆக இருந்தாலும் மாதக் கழிவு மாறாது, கட்டும் காலம்தான் மாறும். 40 வருடத்தின் பின் மீதி தள்ளுபடியாகும். வட்டி சில்லறை விலைச் சுட்டெண்ணின் அளவில் நிற்கும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கி இந்த மாதக் கழிவைக் கணக்கில் எடுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே இது வேலை தொடங்கிய பின் வரும் ஒரு மேலதிக வரியைப் போன்றது. வீட்டு வாசலுக்கு யாரும் வந்து கேட்கும் கடன் இல்லை. கையிலுள்ள சேமிப்பைக் கட்டணத்தில் போடுவதா, பிள்ளையின் எதிர்கால வீட்டு முற்பணத்துக்கு வைப்பதா என்று கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். நகையை விற்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

வதிவிட அனுமதி முதலில்

மேலே சொன்ன கணக்கு உள்நாட்டு மாணவர் என்று கருதப்படும் பிள்ளைக்கே பொருந்தும். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் உள்நாட்டுக் கட்டணத்துக்கும் கடனுக்கும் தகுதி பெறுகிறார்கள். தஞ்சக் கோரிக்கை முடிவாகாமல் இருப்பவர்களிடம் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணமே கேட்கப்படும், கடனும் கிடையாது. தற்காலிக வதிவிட அனுமதியுடன் இருப்போருக்கு, 2015இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் பின் ஒரு வழி திறந்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் 7 வருடமும், 18ஐக் கடந்தவர் தன் வாழ்நாளில் பாதியையோ 20 வருடத்தையோ இங்கு கழித்திருந்து, கடைசி 3 வருடமும் சட்டபூர்வமாக வாழ்ந்திருந்தால் கடனுக்கு விண்ணப்பிக்கலாம்.

இதற்கு வெளியே நிற்கும் பிள்ளைகளுக்காகப் பல பல்கலைக்கழகங்கள் சரணாலயப் புலமைப்பரிசில் என்ற பெயரில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கொடுக்கின்றன. இடங்கள் மிகக் குறைவு, முடிவுத் திகதியும் வேறு. அனுமதிக் கடிதத்தின் பிரதியுடன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்பதை விண்ணப்பத்துக்கு முன்பே செய்ய வேண்டும். பதிலை எழுத்தில் பெற வேண்டும்.

ஐரோப்பாவில் வாழும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. இங்கு வதிவிட உரிமை இல்லாமல் பிரான்ஸிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ இங்கிலாந்துக்குப் படிக்க வரும் பிள்ளை, 2021 முதல் வெளிநாட்டு மாணவர் கட்டணமே கட்ட வேண்டும். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்த பிள்ளை என்றால் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் இளமாணிப் பட்டத்தையும் பார்க்கலாம். அங்கு தவணைக் கட்டணம் 500 பிராங் அளவில்தான். ஐ.நா. கட்டடம் இருப்பதும் அதே நகரத்தில்.

படித்த பின் என்ன வேலை?

இந்தப் பட்டம் மருத்துவப் பட்டத்தைப் போல ஒரு தொழில் அனுமதியைக் கையில் தராது. இதைப் பிள்ளையும் பெற்றோரும் ஏற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். பிரித்தானிய வெளியுறவுச் சேவைக்குப் பிரித்தானியக் குடியுரிமை வேண்டும், பாதுகாப்புச் சோதனையில் எத்தனை வருடம் இங்கு வாழ்ந்தார் என்பதையும் பார்ப்பார்கள். ஐ.நா.வின் பல பதவிகளுக்கு முதுமாணிப் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. ஐ.நா. செயலகத்தின் வேலை மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்பதால், மொழிப் பாடம் உள்ள கற்கைநெறிக்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போடுங்கள்.

ஆனால் கதவுகள் மூடிக் கிடக்கவில்லை. இந்நாட்டில் பட்டயக் கணக்காளர் பயிற்சிக்கு வர்த்தகப் பட்டம் கட்டாயம் இல்லை, எந்தத் துறைப் பட்டதாரியும் சேரலாம். சட்டத்தரணியாக விரும்புவோருக்கும் வேறு துறைப் பட்டத்திலிருந்து போகும் பாதை உண்டு. உள்ளூராட்சி, பாராளுமன்ற உறுப்பினர் அலுவலகம், உதவி நிறுவனங்கள், ஊடகம், வங்கிகளின் தடை விதிகளைக் கண்காணிக்கும் பிரிவுகள் எல்லாம் நன்றாக வாசித்து, தெளிவாக எழுதக்கூடியவரைத் தேடுகின்றன.

விண்ணப்பத்தில்

யூகாஸ் மூலம் ஐந்து தெரிவுகள் செய்யலாம். பொது முடிவுத் திகதி ஜனவரி நடுப்பகுதியில், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜுக்கு ஒக்டோபர் 15. ஐந்து இடங்களும் ஒரே தனிநபர் கூற்றைத்தான் வாசிக்கும். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளுக்கான பதிலாக எழுதப்படுகிறது. பெரும்பாலான இடங்கள் இதற்கென்று குறிப்பிட்ட ஏ லெவல் பாடத்தைக் கேட்பதில்லை. ஆகவே விஞ்ஞானம் எடுத்த பிள்ளையும் மனம் மாறி விண்ணப்பிக்கலாம். அகதிப் பின்னணி உள்ள மாணவருக்குக் குறைந்த பெறுபேற்றுடன் இடம் தரும் சலுகை பல இடங்களில் உண்டு, அதைக் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை.

அந்தக் கூற்றில் குடும்பத்தின் துயரத்தை மட்டும் எழுதினால் போதாது. பல்கலைக்கழகம் தேடுவது, அந்தத் துயரத்திலிருந்து பிள்ளை எழுப்பிய கேள்வியையும், அதற்குப் பதில் தேடி வாசித்த நூலையும், அந்த வாசிப்பில் மாறிய எண்ணத்தையும்தான்.

இன்னொன்றும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். நாம் நம்பிவந்த சிலவற்றை இந்தப் படிப்பு கேள்விக்கு உட்படுத்தும். எதிராக வாக்களித்த 12 நாடுகள் எமக்காகத்தான் வாக்களித்தனவா என்று பிள்ளை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்கலாம். எமது பக்கத்தில் நடந்தவற்றைப் பற்றியும் கேட்கலாம். அதைத் துரோகம் என்று எடுக்காமல் இருந்து கதைக்க ஆயத்தமான வீடு, எந்தப் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்தாலும் பிள்ளைக்குத் துணையாக இருக்கும்.